மெர்சியின் நோட்டு

எங்கள் வீட்டில் பகடை உருட்டுவது எவர்சில்வர் தாம்பாளத்தில். லண்டனுக்குக் கிளம்பும்போது, "வெத்தில பாக்கு வைக்க ஒண்ணு வேணும்ல" என்று அம்மா பெட்டிக்குள் திணித்த தாம்பாளம். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அதில் வெற்றிலை வைத்ததில்லை. வியாழக்கிழமை இரவுகளில் அதில் பகடைகள் விழுந்து கலகலக்கும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து, மரியாதையாகத்தான், அது என்ன சத்தம் என்று கேட்டார். இப்போது தாம்பாளத்தில் ஒரு துண்டை விரித்து உருட்டுகிறோம். சத்தம் போய்விட்டது. சுகமும் பாதி போய்விட்டது.

அவரிடம் "போர்டு கேம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். போர்டே கிடையாது. நான்கு பெண்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நூறு வருஷத்துக்கு முன்னால் இதே பேட்டையில் கடை கடையாகத் திருடிய ஒரு பெண்கள் கும்பலாக ஆடுகிறோம், போன வாரம் நான் ஒரு பெண்ணை போலீசில் மாட்டிவிட ஏற்பாடு செய்தேன் என்று படிக்கட்டில் நின்று விளக்க முடியுமா?

இங்கே விளக்கலாம். அந்தப் போன வாரம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இந்த வகை ஆட்டத்தைக் கேள்விப்படாதவர்களுக்கு: 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி வைத்த வம்சம் இது. ஒருவர், அதாவது ஆட்டத்தலைவர், கதை நடக்கும் உலகத்தைக் கையில் வைத்திருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று சொன்னால் திறந்த மாதிரி. திறக்குமா திறக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை. சின்ன வயதில் சொப்பு வைத்து ஆடியதேதான், கூடவே முந்நூறு சொச்சம் பக்கத்துக்கு ஒரு சட்டப் புத்தகம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஜான் ஹார்ப்பர் எழுதி 2017இல் வந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்'. அதில் எல்லோரும் ஒரே திருட்டுக் கும்பலின் ஆட்கள். மூலக்கதை நடக்கும் ஊரில் சூரியன் கிடையாது, பேய்கள் திரியும், மின்வேலி போட்டுப் பேயை வெளியே நிறுத்தியிருப்பார்கள். எங்கள் ஆட்டத்தலைவி அதையெல்லாம் முதல் நாளே தூக்கிப் போட்டாள். பருத்தித்துறையில் பிறந்து ஒன்பது வயதில் லண்டன் டூட்டிங்குக்கு வந்தவள். "பேயள் வேண்டாம் அக்கா. மனுசரே காணும்" என்றாள். விதிகள் மட்டும் போதும், ஊர் நம்ம ஊர், காலம் 1920கள்.

நம்ம ஊர் என்றால் எலிஃபண்ட் அண்ட் காஸில். முதுகில் கோட்டை சுமந்த யானைச் சிலையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். முன்பு அது ஷாப்பிங் சென்டர் வாசலில் நின்றது. 2020இல் அந்தக் கட்டடத்தை மூடி, அப்புறம் இடித்தும்விட்டார்கள். யானை பக்கத்துச் சதுக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. இந்தப் பேட்டையின் பெயரில்தான் 'நாற்பது யானைகள்' என்ற கும்பல் இருந்தது. பெண்கள் மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1950கள் வரை கடைத்திருட்டே தொழில். முதலில் மேரி கார் என்பவள் ராணி. பிறகு 1896இல் பிறந்த ஆலிஸ் டயமண்ட். ஐந்தடி எட்டு அங்குலம், அந்தக் காலத்துப் பெண்ணுக்கு நல்ல உயரம். விரல் விரலாக வைர மோதிரம் போட்டிருப்பாள். அந்தக் கையால் ஒரு குத்து வாங்கினால் மோதிரம் எதற்கு என்று புரியும்.

அவர்களுக்குக் காலமும் ஒத்துழைத்தது. அதுவரை கடை என்றால் நம்மூர் ஜவுளிக்கடை மாதிரிதான். சரக்கு அலமாரிக்குள் இருக்கும், கடைப் பையன் எடுத்துப் போட்டால்தான் தொடலாம். 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் திறந்தபோது சரக்கைக் கண்முன்னே பரப்பி, தொட்டுப் பாருங்கள் என்றார்கள். இவர்கள் தொட்டும் பார்த்தார்கள், கோட்டுக்குள்ளும் பாவாடைக்குள்ளும் தைத்து வைத்திருந்த ரகசியப் பைகளில் போட்டும் பார்த்தார்கள். லண்டன் கடைக்காரர்களுக்கு முகம் பழகிவிட்டதும் காலிப் பெட்டிகளோடு ரயிலேறி வேறு ஊர்களுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். திருடிய உடுப்பை யாரும் போட்டுக்கொள்வதில்லை, விற்றுவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. நரித்தோல் கோட்டு வீட்டில் இருக்கும்போது போட்டுப் பார்க்காமல் இருக்க எவ்வளவு மன உறுதி வேண்டும்!

ஜப்பானின் சுகேபான் கும்பல்களை வைத்து ஆடலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. 1970களில் மற்றவர்கள் பாவாடையைக் குட்டையாக்கியபோது இவர்கள் கணுக்கால் வரை நீட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பெண்கள். எங்களில் யாருக்கும் ஜப்பானைப் பற்றித் தெரியாது என்பதால் விட்டுவிட்டோம். எங்கள் பேட்டையின் வால்வர்த் ரோடாவது தெரியும்.

முதல் நாள் ஆட்டம் ஆடவில்லை, பேசினோம். எது கதையில் வரவே கூடாது, எது வரலாம் ஆனால் கதவுக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது இந்த ஆட்டக்காரர்கள் மத்தியில் இப்போது வழக்கம். நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டையும் இருக்கும். அதை யார் தொட்டாலும், காரணம் கேட்காமல், அந்தக் காட்சி அங்கேயே நிற்கும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் 2013இல் பரப்பிய ஏற்பாடு. குழந்தைகளுக்குத் தீங்கு வேண்டாம் என்றோம், பாலியல் வன்முறை வேண்டாம் என்றோம், ஜெயிலுக்குள் நடப்பது கதவுக்குப் பின்னால் என்றோம். எல்லோரும் எதிர்பார்த்தவைதான். கடைசியாக ஆட்டத்தலைவி தன் வரியை எழுதினாள்: இரவில் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. போலீசும் சரி, கும்பலும் சரி.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தி, மலேசியாவின் ஈப்போக்காரி, எழுந்து போய்த் தேத்தண்ணீருக்கு வைத்தாள்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போக்காரி இங்கே ஒரு நூலகத்தில் வேலை செய்கிறாள். அவள் பாத்திரம் நெல், வாயால் ஊரை விற்பவள். இன்னொருத்தி கோயம்புத்தூர் பல் டாக்டர். அவள் டாட், விரல் வேலைக்காரி. நான் பகலெல்லாம் ஒரு அலுவலகத்தில் சம்பளக் கணக்கு போடுகிறவள். வாள் வீசும் வீராங்கனையாக வர வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திர வகைகளில் 'சிலந்தி' என்று ஒன்று இருந்தது. நடுவில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவள், கணக்கு வைக்கிறவள். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். சரி என்றேன். பெயர் மெர்சி. வயது 41. பெர்மண்ட்சியில் படுத்த படுக்கையாக ஒரு அம்மா. அவளுக்கென்று ஒரு நோட்டும் போட்டேன், உண்மையிலேயே. நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி.

விதிகளில் எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். பகடை எத்தனை உருட்டினாலும் அதில் பெரிய எண் ஒன்றைத்தான் பார்ப்பது. 6 என்றால் நினைத்தது நடந்தது. 1 முதல் 3 வரை என்றால் கெட்டது. 4, 5 என்றால் நடக்கும், ஆனால் கூடவே ஏதாவது ஒன்று கோணும். ஆச்சியோடு தாயம் ஆடும்போது தாயம் விழாமல் காய் இறங்காது, அரைமணி நேரம் சும்மா உருட்டிக்கொண்டிருப்போம். இதில் சும்மா என்பதே இல்லை. எல்லா உருட்டுக்கும் ஏதாவது நடக்கும், பெரும்பாலும் 4தான் விழும், பெரும்பாலும் கோணும்.

முதல் வேலை, ஜனவரித் தள்ளுபடி விற்பனை, 1924. பல் டாக்டர் மேசைத் துணியின் ஓரத்தைப் பிடித்துச் செய்தே காட்டினாள். கோட்டைத் தொங்கலிலிருந்து மேல் நோக்கி, ரோமம் உள்பக்கம் போக, இறுக்கிச் சுருட்ட வேண்டுமாம். சுருட்டச் சுருட்டக் காற்று வெளியேறி, கடைசியில் குழந்தைக்கு வைக்கும் பக்கத் தலையணை அளவுக்கு வரும். அதை முழங்காலில் எலாஸ்டிக் வைத்த அகலக் காற்சட்டைக்குள் ஒரே அமுக்கு. மேலே பாவாடை. பல் பிடுங்கிப் பழகிய கை, மேசைத் துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சுருட்டியது. முதல் கோட்டுக்கு 6. இரண்டாவதுக்கு 4. கோட்டு உள்ளே போய்விட்டது, ஆனால் திரும்பிப் பார்த்தால் தளக் கண்காணிப்பாளன் ஒருவன் டாட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கிறான்.

இந்த ஆட்டத்தில் ஃப்ளாஷ்பேக் என்று ஒன்று உண்டு. முன்னாலேயே திட்டம் போட்டு இரண்டு மணி நேரம் வறுக்க வேண்டாம். மாட்டிக்கொண்ட பிறகு, "நான் இதைப் போன வாரமே செய்துவைத்துவிட்டேன்" என்று சொல்லலாம். அதற்கு விலையாக, பாத்திரத்தின் மன அழுத்தத்தைக் குறிக்கும் ஸ்ட்ரெஸ் கட்டங்களில் ஒன்றிரண்டை அடைக்க வேண்டும். நான் சொன்னேன்: போன செவ்வாய்க்கிழமை மெர்சி நல்ல தொப்பி போட்டுக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தாள். இந்த ஆள் தன்னை மரியாதைக் குறைவாகப் பார்த்தான் என்று மேலாளரிடம் கண்ணீர் விட்டாள். இன்னொரு புகார் வந்தால் அவன் வேலை போகும். ஆட்டத்தலைவி ஒரு கணம் யோசித்தாள். "ஒரு ஸ்ட்ரெஸ் போடுங்கோ அக்கா" என்றாள். கண்காணிப்பாளன் ஒதுங்கி வழிவிட்டான். பெண்ணைத் தொட்டுச் சோதிக்க அவன் இனி யோசிப்பான். மூன்று பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். கீழ்வீட்டுக்காரர் முதன்முறையாக மேலே வந்தது அன்றைக்குத்தான்.

இவ்வளவுதான் என்றால் ஜாலியான ஆட்டம். ஆனால் திருட்டு முடிந்த பிறகுதான் இந்த விதிகளின் கொடூரம் ஆரம்பிக்கும். ரத்தம், கத்தி எல்லாம் ஒன்றுமே இல்லை. கொடூரம் என்று நான் சொல்வது கணக்கை. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கும்பல் மேல் இத்தனை 'சூடு' என்று ஏறும். சூடு ஒன்பது கட்டம் நிறைந்தால் போலீஸ் தேடும் நிலை ஒரு படி உயரும். ஆளுக்கு ஒன்பது கட்டம் ஸ்ட்ரெஸ். அதைக் குறைக்க ஏதாவது ஒரு கெட்ட பழக்கத்தில் விழுந்து எழ வேண்டும்: சூதாட்டம், குடி, இன்பம், எதுவானாலும். மெர்சிக்கு நான் 'கடமை' என்று எழுதினேன். புத்தகத்தில் அதுவும் கெட்ட பழக்கங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் குடும்பத்துக்கே அது உண்டே. ஒன்பது கட்டமும் நிறைந்தால் மனதில் ஒரு வடு, அழியவே அழியாது. நாலு வடு விழுந்தால் அந்தப் பாத்திரம் கதையை விட்டே போக வேண்டியதுதான்.

அந்தத் தேடும் நிலை இறங்க வேண்டுமென்றால் புத்தகம் ஒரே ஒரு வழிதான் தருகிறது. கும்பலின் பெயரில் யாராவது ஜெயிலுக்குப் போக வேண்டும். கும்பலில் ஒருத்தி, இல்லையென்றால் கும்பலுக்கு வேண்டிய ஒருத்தர், இல்லையென்றால் பழியைச் சுமத்தி மாட்டிவிடப்பட்ட ஒருத்தர். யாராவது.

பதினோராவது வாரத்தில் எங்கள் நிலை இரண்டாவது படியில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் எந்தக் கடையிலும் நுழைய முடியவில்லை. டாட் கல்யாணம் செய்துகொண்டு கும்பலை விட்டுப் போனது அதற்கு இரண்டு வாரம் முன்புதான்.

மாப்பிள்ளை டிராம் கண்டக்டர். பல் டாக்டருக்கு டாட்டைப் போதுமான அளவு ஆடியாயிற்று என்று தோன்றியிருக்கிறது, அவளை நல்லபடியாக அனுப்பிவைக்க ஆசைப்பட்டாள். புதிதாக ஐவி என்று பத்தொன்பது வயது முரட்டுப் பெண்ணை எழுதிக்கொண்டு வந்தாள். டாட் இனி ஆட்டத்தலைவி கையில். கும்பலுக்கோ டாட் போனதில் கோபம். எல்லாருடைய ரகசியமும் தெரிந்தவள், நாளைக்குப் புருஷனிடம் சொல்லமாட்டாள் என்று என்ன நிச்சயம்? இப்படிப்பட்ட சண்டையில் நிஜமான யானைகள் என்ன செய்தார்கள் என்று ஆட்டத்தலைவி சொன்னாள். 1925 டிசம்பரில் ஆலிஸ் டயமண்டும் அவள் கூட்டமும் லாம்பெத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டைத் தாக்கினார்கள். அடுத்த வருஷம் ஆலிஸும் மேகி ஹியூஸும் அதற்காக ஜெயிலுக்குப் போனார்கள். கும்பலின் அந்த அத்தியாயம் அதோடு முடிந்தது.

"ஆனா எங்கட ஆட்டத்தில அது ஏலாது" என்று முதல் நாள் எழுதிய தாளைத் தொட்டுக் காட்டினாள். இரவில் கதவு தட்டுவது கிடையாது.

நெல் ஒரு யோசனை சொன்னாள்: நாமே யாராவது போவோம். சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். ஐவி, தான் புதியவள், தன் பெயரில் எந்தத் திருட்டும் இல்லை என்றாள். அப்போது நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாட் செய்த வேலைகள் தேதிவாரியாக வரிசையாக இருந்தன. எனக்கு விடை தெரிந்துவிட்டது, ஆபீசில் கணக்கில் பிசகு எங்கே என்று சட்டென்று கண்ணில் படுமே, அதே மாதிரி.

நாங்கள் ஆடும்போது பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். மெர்சி நல்ல லண்டன்காரி, அவளுக்காக நான் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவேன். அன்றைக்கு வாயில் வந்தது தமிழ். அதுவும் திருநெல்வேலித் தமிழ்.

"அவளா போனவதான? அவ ஒருத்திக்காக இங்க இருக்க நாலு பேரு ஏன் சீரழியணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது.

2004. எனக்குப் பதினேழு வயது. சித்தப்பா மகள், என்னைவிட நாலு வயது மூத்தவள், பிடித்தவனோடு போய்விட்டாள். எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் காபி தம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டு வருகிறேன். அத்தை சொன்னாள்: பதினோரு பவுன் நகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடு. போலீஸ் தேடிப் பிடித்துக்கொண்டு வரும். அக்கா எடுத்துக்கொண்டு போனது காதில் கிடந்த கம்மல் மட்டும். அது அந்த முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரோ தயங்கினார்கள். அதற்குப் பதிலாகத்தான் அத்தை அந்த வாக்கியத்தைச் சொன்னாள். இங்கே கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் நாலு பேர் இருந்தோம், அந்த நாலில் நானும் ஒருத்தி. எனக்காகத்தான் பேசினாள். நான் தம்ளரை நீட்டினேன், அத்தை எடுத்துக்கொண்டாள். புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மேசையில் நான் சொல்லவில்லை. எக்ஸ் அட்டை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொட்டிருக்கலாம். தொடவில்லை. ஏன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு ஆர்வமாக இருந்தது. அத்தைக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

ஓட்டெடுப்பு வைத்தோம். நெல் வேண்டாம் என்றாள். ஐவி வேண்டும் என்றாள். டாட்டை உருவாக்கி, அவளுக்குக் கல்யாணம்வரை செய்து வைத்த அதே பல் டாக்டர்தான் ஐவி. "ஐவிக்கு டாட்டைத் தெரியாதுங்க்கா. அவ என்ன பண்ணுவா?" என்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஆட்டத்தில் நேர்மையாக இருப்பது என்பது சில சமயம் இப்படித்தான் இருக்கிறது. நான் மெர்சி. இரண்டுக்கு ஒன்று.

"அப்ப மெர்சி அதை எப்பிடிச் செய்யிறா? காட்டுங்கோ அக்கா."

லயன்ஸ் தேநீர்க் கடை என்றேன். பிற்பகல் மூன்று மணி. கடைகளுக்குத் துப்பறியும் ஒரு பெண்மணி, மெர்சிக்குப் பல வருஷமாக எதிரி, அதனாலேயே ஒருவித சிநேகிதி. மெர்சி தேநீரில் சர்க்கரையைக் கலக்கியபடி டாட்டின் புதுப் பெயரை, டிராம் கண்டக்டரின் குடும்பப் பெயரை, வாய்தவறி வந்ததுபோல் நழுவவிடுவாள்.

எனக்கு இரண்டு பகடை. ஆட்டத்தலைவி சாத்தான் பேரம் ஒன்று வைத்தாள், அதுவும் விதியில் உண்டு. ஒரு பகடை கூடுதலாகத் தருவேன், விலை: காட்டிக்கொடுத்தது மெர்சிதான் என்று டாட்டுக்குத் தெரிந்துவிடும். நான் மறுத்தேன். அதற்குப் பதிலாக என்னையே வருத்திக்கொண்டு மூன்றாவது பகடை எடுத்தேன். அதற்கு விலை இரண்டு ஸ்ட்ரெஸ். மெர்சிக்கு ஏற்கெனவே ஏழு இருந்தது. ஏழும் இரண்டும் ஒன்பது. கட்டங்கள் நிறைந்துவிடும் என்று தெரிந்துதான் எடுத்தேன். டாட்டுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என் மனதில்.

மூன்றும் துண்டில் சத்தமில்லாமல் விழுந்தன. 2, 4, 4.

நடந்தது. ஆனால் கோணியது. எப்படிக் கோணும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆட்டத்தலைவி வேறு எதையும் தேடவில்லை. டாட்டை டிராம் நிறுத்தத்தில், பகல் வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள். அந்தத் துப்பறியும் பெண்மணி கூடுதலாக ஒரு வார்த்தை சொல்கிறாள்: "மெர்சி உன்னை நலம் விசாரித்தாள்." நான் வேண்டாம் என்று காசு கொடுத்துத் தவிர்த்தது இலவசமாகவே வந்து சேர்ந்தது. விளைவைத் தடுக்க இன்னொரு உருட்டு கேட்கலாம், விதியில் இடமுண்டு. நான் கேட்கவில்லை.

அப்புறம் வடு. தேர்ந்தெடுக்க எட்டு வார்த்தைகள் தாளில் அச்சிட்டிருக்கும். முதல் வார்த்தைக்கு நேர்ப்பொருள் 'குளிர்ந்தவள்'. அது தமிழில் பாராட்டு மாதிரி இருக்கிறது, மனம் குளிர்ந்தது என்றுதானே சொல்வோம். நான் பக்கத்தில் 'ஈரமில்லாதவள்' என்று எழுதிக் கட்டத்தை அடைத்தேன்.

சூடு பூஜ்யம். தேடும் நிலை ஒரு படி கீழே. நோட்டில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். ஈப்போக்காரி மீன் கறிபஃப் எடுத்துவந்திருந்தாள், யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. "அடுத்த வாரம் டாட்டை ஒரே ஒரு காட்சிக்கு நான் ஆடட்டுங்களா?" என்று பல் டாக்டர் கேட்டாள். மெர்சி ஜெயிலுக்குப் பார்க்கப் போவாளா, அது மட்டும். ஆட்டத்தலைவி என்னைப் பார்த்தாள். போவாள் என்றேன். போவாளா என்று எனக்கே தெரியாது. அத்தை போகவில்லை. அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், மூத்தவன் கல்லூரிக்குப் போகிறான், அத்தை இன்னும் அவன் முகம் பார்த்ததில்லை.

விதிப் புத்தகத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். தாள்கள் அதிகம். ஆளுக்கு ஒன்று, கும்பலுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. முதல் மூன்று வாரம் எது எங்கே என்று தேடியே பாதி நேரம் போனது. கும்பல் வளர்வதற்கான கட்டங்களை எங்களில் ஒருத்திகூட இன்றுவரை சரியாக நிரப்பவில்லை. சம்பளக் கணக்குக்காரிக்கே இந்தக் கதி.

கிளம்பும்போது பல் டாக்டர் மேசையிலிருந்த என் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"டாட்டுக்கு இன்னும் மூணு காசு பாக்கி இருக்குதுங்க்கா."

"தெரியும்" என்றேன்.

"வெளிய வந்தா கேப்பா."

அவர்கள் போன பிறகு துண்டை உதறி மடித்தேன். ஒரு பகடை தாம்பாளத்தில் விழுந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நல்ல சத்தமாக உருண்டது.